குற்றம் காண்பவரா? கண் கொடுப்பவரா?

(கலை விமரிசகர்கள் சங்கமாய்க் கூடிய வரலாறும் அவர்தம் நோக்கங்களும்)

பத்தாம் வகுப்பு மாணவி, துவாக்குடி

"விமரிசகர் என்பவர் யார்?" என்று கேட்டால், "குற்றம் சொல்லுகிறவர்" என்றே நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். நானும் சென்ற ஆண்டு வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழை என்று நான் கற்றுக்கொண்ட கதை, வெளியில் சொல்ல வெட்கப்பட வேண்டிய கதை. ஆயினும் அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

சென்ற ஆண்டு செபமாலை மாதத்தில் எங்கள் வகுப்பில் ஓர் ஓவியப் போட்டி நடந்தது. தலைப்பு, 'தேவ அன்னை'. எல்லோரும் நீல முக்காடும் நட்சத்திர முடியுமாக வரைந்திருந்தோம். என் தோழி ஒருத்தி மட்டும் அன்னைக்குக் கண்டாங்கிச் சேலை உடுத்தி, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்து, தெருக்குழாய் வரிசையில் நிற்க வைத்திருந்தாள். "இது மாதாவா, எங்கள் தெருவில் தண்ணீர் பிடிக்கும் அத்தையா?" என்று நான் உரக்கக் கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. படத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு பல மாதங்கள் அவள் தூரிகையைத் தொடவேயில்லை.

ஓவியம் கற்பிக்கும் சிஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். கோபிக்கவில்லை. "நீ சிரித்தாய். சரி, படத்தில் என்ன பார்த்தாய், சொல்" என்றார். "குழாயும் குடமும் சிஸ்டர்" என்றேன். "குடம் என்ன நிறம்? அன்னை யாரைப் பார்க்கிறார்? வரிசையில் அவருக்கு முன்னால் நிற்பது யார்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. "பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாயே, அம்மா! படத்தைப் பார்த்துச் சொல்வதையே கடமையாகக் கொண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். தமக்கென்று ஒரு சங்கமும் வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் படித்துவிட்டு வா" என்றார். தண்டனையாகத் தொடங்கிய அந்தப் படிப்பே இப்போது கட்டுரையாக உங்கள் கையில் இருக்கிறது.

நம் ஊரில் நடந்த அரங்கேற்றம்

விமரிசனம் மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு அன்று. குற்றம் கண்டவிடத்து இடித்துரைக்கும் துணையில்லாத அரசன் பகைவர் இல்லாமலேயே அழிவான் என்பது திருவள்ளுவர் கருத்து. தமிழ்நாட்டில் நூல் ஒன்று எழுதினால், கற்றோர் அவையில் அதைப் படித்துக் காட்டி அவர்களுடைய ஒப்புதலைப் பெற வேண்டும். அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றியது நமது திருவரங்கத்திலேதான் என்பது வழிவழி வரும் செய்தி. தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள கம்பர் மண்டபத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். இரணியன் வதைப் படலத்தைச் சேர்த்தது முறையா என்று அவையோர் மறுத்தனராம். அப்போது அருகில் கோயில் கொண்டுள்ள நரசிங்கப் பெருமாளே தலையசைத்து ஒப்புதல் அளித்தார் என்று கதை சொல்லுவார்கள். கதை எப்படியாயினும், பெருங்கவிஞரும் தம் நூலை அவையின் முன் வைத்தாக வேண்டும் என்ற வழக்கத்தை அது நமக்குக் காட்டுகிறது.

கவிதைக்கு அவை இருந்தது. ஓவியத்துக்கோ அப்படி ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. ஓவியத்தில் வல்ல மன்னர்கள் நமக்கு இருந்தார்கள். மலைக்கோட்டையின் மேல் குகைக் கோயிலைக் குடைவித்த மகேந்திரவர்மப் பல்லவனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் சோழர் காலத்தில் வரைந்த கைகள் யாருடையவை என்று நமக்குத் தெரியாது. அந்தச் சித்திரங்களே நெடுங்காலம் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்தன. மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் உள்ளே வேறு ஓவியம் இருப்பதை 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டு உலகுக்குச் சொன்னார். துவாக்குடி வழியாகச் செல்லும் தஞ்சாவூர் சாலையில் பேருந்தில் சிறிது நேரம் சென்றால் அந்தக் கோயிலை அடையலாம். எத்தனையோ ஆயிரம் பேர் அங்கு போய் வந்தார்கள். ஆனால் கூர்ந்து பார்த்த ஒருவர் சொன்ன பிறகே அந்த ஓவியங்கள் நமக்குக் கிடைத்தன. கலையைப் பார்த்துச் சொல்பவருடைய தொண்டு எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஒரு பரிகாசமும் ஒரு சங்கமும்

நான் வகுப்பில் சிரித்ததைப் போலவே ஒரு சிரிப்பு 1910ஆம் ஆண்டு சனவரி மாதம் இலண்டன் மாநகரில் ஓர் அவையில் எழுந்தது. இ. பி. ஹாவெல் என்பவர் இந்தியக் கலையைப் பற்றி அங்கே உரையாற்றினார். அவர் 1884ஆம் ஆண்டில் நம் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பை ஏற்றுப் பணி செய்தவர். அந்தப் பள்ளியோ, டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் 1850இல் தொடங்கப்பட்டது. ஹாவெலின் உரைக்குப் பின் பேசியவர் சர் ஜார்ஜ் பேர்ட்வுட். இந்தியாவில் பல ஆண்டுகள் இருந்து நம் கைத்தொழில்களைப் பாராட்டி எழுதியவர்தான் அவர். ஆயினும், இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று இல்லை என்று அன்று கூறிவிட்டார். தியானத்தில் அமர்ந்த ஜாவா நாட்டுப் புத்தர் சிலையின் படத்தைச் சுட்டி, ஆன்மாவின் அமைதிக்கு அடையாளம் இதுவானால், கொழுப்பும் மாவும் சேர்த்து அவித்த பலகாரமும் அதே வேலையைச் செய்யுமே என்று கேலி பேசினார்.

அந்தப் பரிகாசம் பலரைச் சுட்டது. ஓவியர்களும் எழுத்தாளர்களும் கையெழுத்திட்டு, இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் மறுப்புக் கடிதம் வெளியிட்டனர். அதே ஆண்டில் 'இந்தியச் சங்கம்' என்ற அமைப்பும் இலண்டனில் தோன்றியது. இந்தியக் கலையை முறையாகக் கற்று, அதன் அழகை மற்றவர்க்கு உணர்த்துவதே அதன் நோக்கம். தாகூரின் கீதாஞ்சலியை 1912இல் முதன்முதலாக ஆங்கிலத்தில் வெளியிட்டதும் இந்தச் சங்கமே.

அதனைத் தோற்றுவித்தோருள் ஹாவெலுடன் நின்றவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி, ஈழத்துத் தமிழர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயதானபோதே தந்தை இறந்துவிட, இங்கிலாந்தில் வளர்ந்தார். மண்ணியல் படித்துவிட்டு, கற்களை ஆராய இலங்கைக்குத் திரும்பினார். ஊர் ஊராகச் சென்றபோது அழிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டு மனம் வருந்தி, கலையை ஆராயும் பணிக்குத் தம்மை அளித்தார். 1917 முதல் 1947இல் மறையும் வரை அமெரிக்காவில் பாஸ்டன் கலைக்கூடத்தில் பணியாற்றினார். 1918இல் வெளிவந்த 'சிவ நடனம்' என்னும் ஆங்கில நூலில், நடராசர் திருவுருவத்தின் பொருளை அங்கம் அங்கமாக எடுத்துரைத்தார். விந்தையான சிலை என்று மட்டும் மேல்நாட்டார் பார்த்திருந்த திருவுருவத்தை, பொருள் நிறைந்த கலையாக அவர்கள் காணும்படி செய்தார். குற்றம் காண்பவர் வேறு, கண் கொடுப்பவர் வேறு என்பதற்கு இவரே தக்க சான்று.

விமரிசனம் தடை செய்யப்பட்ட நாடு

விமரிசகர் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் ஜெர்மனியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். இட்லரின் ஆட்சியில் பிரசார அமைச்சராயிருந்த கோயபெல்சு, 1936ஆம் ஆண்டு நவம்பரில் கலை விமரிசனத்தையே தடை செய்து ஆணையிட்டார். இனிப் பத்திரிகைகள் நடந்த செய்தியை மட்டும் வெளியிடலாம். நன்று, தீது என்று மதிப்பிடுவது ஆட்சியின் வேலை என்பதே அதன் பொருள். மறு ஆண்டு 1937இல், அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஓவியங்களும் சிற்பங்களும் 600க்கு மேல் கலைக்கூடங்களிலிருந்து பறிக்கப்பட்டு, 'சீர்கெட்ட கலை' என்ற பெயரில் மியூனிக் நகரில் ஏளனத்துக்காகவே காட்சிக்கு வைக்கப்பட்டன. மக்கள் சிரிப்பதற்கென்றே சுவரில் கேலி வாசகங்களும் எழுதப்பட்டன. எதிர்த்துப் பேச வேண்டியவர்களின் வாய் முந்தின ஆண்டே கட்டப்பட்டுவிட்டது.

இத்தாலியிலும் இப்படியே. லியோனெல்லோ வெந்தூரி என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர், முசோலினியின் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய 1931இல் மறுத்தார். அதனால் பதவி இழந்து நாட்டை விட்டு வெளியேறினார். படம் பார்த்துச் சொல்லும் வேலைக்கும் இவ்வளவு துணிவு வேண்டியிருக்கிறது!

பாரிஸ் நகரில் தோன்றிய சங்கம்

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பாகிய யுனெஸ்கோ பாரிசில் அமைந்தது. அதன் ஆதரவில் பல நாட்டு விமரிசகர்கள் 1948லும் 1949லும் இருமுறை மாநாடு கூடினார்கள். நாடிழந்து அலைந்த வெந்தூரியும், இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ரீடும் இம்முயற்சியில் பங்கு கொண்டவர்கள். அதன் பயனாக 1950இல் அனைத்துலகக் கலை விமரிசகர் சங்கம் முறையாக நிறுவப்பட்டது. பெல்சியம் நாட்டவரான பால் ஃபியரன்ஸ் முதல் தலைவர். 1951இல் யுனெஸ்கோ இச்சங்கத்தை அங்கீகரித்தது.

இச்சங்கத்தின் அமைப்பு எளிதில் விளங்கக் கூடியது. ஒவ்வொரு நாட்டிலும் உள்ள விமரிசகர்கள் சேர்ந்து ஒரு தேசியப் பிரிவு அமைக்கிறார்கள். இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் அத்தகைய பிரிவுகள் இருக்கின்றன. தம் நாட்டில் பிரிவு இல்லாதவர்கள் சேர்வதற்குப் பொதுப் பிரிவு ஒன்றும் உண்டு. தலைமையகம் பாரிசிலேயே இருக்கிறது. சங்கத்தின் நோக்கங்களைச் சுருக்கிச் சொன்னால் அவை ஐந்தாகும்:

1. காட்சிக் கலைகளில் விமரிசனத்தை ஒரு முறையான துறையாக வளர்ப்பது.

2. அத்துறைக்குரிய ஆய்வு முறையும் ஒழுக்க நெறியும் வலுப்பெறச் செய்வது.

3. உறுப்பினர்களின் தொழில் உரிமையையும் மதிப்பையும் காப்பது.

4. நாடும் மொழியும் கடந்து விமரிசகர்கள் ஒருவரோடொருவர் கருத்துப் பரிமாறி, பிற பண்பாடுகளைப் புரிந்துகொள்ள உதவுவது.

5. கருத்துரிமையைப் பாரபட்சமின்றிக் காத்து, தன்னிச்சையான தணிக்கையை எதிர்ப்பது.

முதல் நான்கையும் ஏனைய தொழிற் சங்கங்களிலும் காணலாம். ஐந்தாவது நோக்கத்தின் பின்னால் 1936ஆம் ஆண்டின் கசப்பான அனுபவம் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது நோக்கமும் சிந்திக்கத் தக்கது. வேண்டியவர் வரைந்தார் என்பதற்காகப் புகழ்வதும், வேண்டாதவர் வரைந்தார் என்பதற்காக இகழ்வதும், பணத்துக்காக எழுதுவதும் விமரிசனம் ஆகா. தராசு பிடிப்பவர் கை தட்டின் மேல் படலாகாது அன்றோ?

நம் நாட்டில், நம் மாநிலத்தில்

சுதந்திரம் பெற்ற நம் நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. புது டில்லியில் 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் லலித் கலா அக்காதெமி தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராயிருந்தவர்; மெரினாக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவரும் அவரே. அக்காதெமி தேசியக் கண்காட்சிகளை நடத்துவதோடு, கலைஞர்களைப் பற்றிய நூல்களையும் இதழ்களையும் வெளியிட்டு வருகிறது. தற்காலக் கலைக்கென்றே ஓர் இதழை 1962இல் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் 1975இல் ஓவிய நுண்கலைக் குழு அமைக்கப்பட்டது.

ஆனால் சென்னை ஓவியர்கள் அரசாங்கம் செய்யட்டும் என்று கைகட்டி இருக்கவில்லை. கோயமுத்தூரில் 1911இல் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் 1944ஆம் ஆண்டிலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் நிறுவினார். படங்களைக் காட்சிக்கு வைப்பதும், ஒருவர் படைப்பை மற்றவர் கூடிப் பேசுவதும் அச்சங்கத்தின் பணிகள். அவர்களுடைய புதிய ஓவியங்களை மக்களுக்கு எடுத்துச் சொல்லப் போதிய எழுத்தாளர்கள் இல்லை. ஆகவே 1961இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற சிறிய ஆங்கில இதழைத் தாங்களே தொடங்கினார்கள். தூரிகை பிடித்த கையே பேனாவும் பிடித்தது. 1966இல் பணிக்கரும் பிற கலைஞர்களும் சேர்ந்து, சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினர். பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டு தங்கள் கலையைக் காத்தார்கள். பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. இவர்களுடைய கலையை ஆராய்ந்து எழுதிய ஜோசப் ஜேம்ஸ், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த பேராசிரியர். ஓவியம் கற்பிப்பவர்தான் ஓவியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்பதில்லை. பார்க்கப் பொறுமையுள்ள எவரும் எழுதலாம் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

படத்தை எப்படிப் பார்ப்பது?

என் தந்தையார் துவாக்குடியில் கொதிகலன் உறுப்புகள் செய்யும் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறார். பற்றவைத்த இணைப்புகளை எக்ஸ்ரே படம் எடுத்துச் சோதித்த பிறகே பொருளை வெளியே அனுப்புவார்களாம். "சோதிக்க வருகிறவர் என்னைத் திட்டுவதற்காக வரவில்லை. நாளைக்குக் கொதிகலன் வெடிக்காமல் இருப்பதற்காக வருகிறார்" என்பார் அப்பா. விமரிசகரும் இப்படிப்பட்டவரா என்று கேட்டேன். அப்பா சற்று யோசித்துவிட்டு, "எங்களுக்கு அளவுகோல் இருக்கிறது, அம்மா. படத்துக்கு அளவுகோல் எது?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியைச் சிஸ்டரிடம் கொண்டு சென்றேன். அவர் நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினார்.

படத்தில் என்னென்ன இருக்கின்றன? அவை எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன? அவை என்ன சொல்லுகின்றன? சொல்ல வந்ததைப் படம் நன்றாகச் சொல்லுகிறதா? இந்த வரிசையை மாற்றக் கூடாது. நான்காவது கேள்வியை முதலில் கேட்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு என்றார்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சனிக்கிழமை அப்பாவுடன் மலைக்கோட்டைக்குச் சென்றேன். மேல் குகைக் கோயிலில் உள்ள கங்காதரர் சிற்பத்தின் முன் நின்றோம். முதற் கேள்வி: சிவபெருமான் நிற்கிறார், ஒரு கையில் தம் சடைக் கற்றை ஒன்றைப் பிடித்திருக்கிறார், மேலிருந்து கங்கை கைகூப்பியபடி இறங்குகிறாள், சுற்றிலும் அடியார்கள். இரண்டாவது: நடுவில் பெரிய உருவம், ஓரத்தில் மிகச் சிறிய கங்கை. மூன்றாவது: உலகையே மூழ்கடிக்கும் வெள்ளம், ஒரு சடைக் கற்றையைத் தேடி வணங்கி வருகிறது. அப்போதுதான் கங்கை ஏன் அவ்வளவு சிறியவளாக இருக்கிறாள் என்பது விளங்கியது. "நான் சிறுவயது முதல் இந்தப் படிகளில் ஏறுகிறேன். இன்றைக்குத்தான் பார்த்தேன்" என்றார் அப்பா. நான்காவது கேள்வியைக் கேட்க எங்களுக்கு அவசியமே ஏற்படவில்லை.

முடிவுரை

இனி என் தோழியிடம் வருகிறேன். இந்த ஆண்டு பள்ளிக் கண்காட்சிக்கு முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, அந்தப் படத்தை ஒருமுறை காட்டும்படி கெஞ்சினேன். முதலில் மறுத்தாள். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தாள். மடித்த கோடு அன்னையின் முகத்தின் குறுக்கே விழுந்திருந்தது. அந்தக் கோட்டைப் போட்டவள் நான்தான்.

கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு பார்த்தேன். குடம் பச்சை நிறம். அன்னை வரிசையில் தம் முறை வந்தும் தண்ணீர் பிடிக்கவில்லை. ஒதுங்கி நின்று, ஒரு கிழவிக்கு இடம் விட்டிருக்கிறார். குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. இந்தக் கிழவியின் குடம் நிறைந்தபின் தமக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ! நான் கேலி செய்த படத்தில் இவ்வளவும் அன்றே இருந்தன. வேளாங்கண்ணியில் சேலை உடுத்திய அன்னையை வணங்கிவிட்டு வந்த நான்தான், சேலை உடுத்திய அன்னையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

பார்த்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். கிழவியின் கை உடலுக்குப் பொருந்தாமல் பெரிதாய் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் வருந்தவில்லை. "எனக்கும் தெரியும். அந்தக் கையை மூன்று நாள் வரைந்தேன், சரியாக வரவில்லை" என்றாள். மறுநாள் அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் முழுவதும் கைகளாக இருந்தன. படம், மடிப்புக் கோட்டோடு கண்காட்சியில் தொங்கியது. அதன் கீழே நான் அரைப் பக்கம் எழுதி வைத்தேன்.

சகோதரிகளே! அனைத்துலகச் சங்கத்தில் உறுப்பினராக நமக்கு வயதும் தகுதியும் வர வேண்டும். ஆனால் அதன் நோக்கங்களைக் கைக்கொள்ள இன்றே தடையில்லை. தோழியின் ஓவியமானாலும், கட்டுரையானாலும், கோலமானாலும், முதலில் பார்ப்போம், பிறகு புரிந்துகொள்வோம், அதன் பின் உண்மையை அன்போடு சொல்வோமாக!